லினக்ஸில் லேப்டாப் சுடுகிறதா? டிகிரியை விடுங்கள், வாட்டைப் பாருங்கள்

"விண்டோஸ்ல நல்லாத்தான் இருந்துச்சு, லினக்ஸ் போட்டதும் மடியில வைக்க முடியல." இப்படிச் சொல்பவர்கள் அடுத்ததாக சென்சார்ஸ் கட்டளையை ஓட்டி, 75 டிகிரியைப் பார்த்துப் பயந்து, கூலிங் பேட் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அந்த எண் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. அறை வெப்பம், விசிறியில் அடைந்த தூசி, சிப் மேல் காய்ந்துபோன பேஸ்ட் எல்லாம் அதில் கலந்திருக்கும்.

லேப்டாப் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அதனால் வாட் கணக்குதான் நேரான சாட்சி. எல்லாவற்றையும் மூடி, சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர்டாப்பை ரூட்டாக ஓட்டுங்கள். பேட்டரியிலிருந்து எத்தனை வாட் போகிறது என்று காட்டும். சாதாரண லேப்டாப் சும்மா இருக்கையில் 5 முதல் 10 வாட் வரை இழுத்தால் சரி. அப்படியிருந்தும் சுடுதுன்னா லினக்ஸைத் திட்டாதீங்க, ஸ்க்ரூடிரைவரை எடுத்து விசிறியைச் சுத்தம் பண்ணுங்க.

20 வாட் என்றால் திட்டலாம். அதற்கு முன்கதையே உண்டு. 2011இல் வந்த 2.6.38 கெர்னலில் பல லேப்டாப்களின் மின்செலவு திடீரென ஏறியது. 'ஏஎஸ்பிஎம் கிடையாது' என்று பயாஸ் சொன்னால், கெர்னல் அந்த மின்சேமிப்பு வசதியை அணைத்துவிட்டது. ஆனால் பல மெஷின்களில் பயாஸே அதை ஏற்கெனவே இயக்கி வைத்திருந்தது! விண்டோஸ் அதைத் தொடாமல் விட்டது. மேத்யூ காரெட் அதே மாதிரி மாற்றி எழுதிய திருத்தம் 3.3 கெர்னலில்தான் சேர்ந்தது.

என் மெஷின் காட்டியது 21 வாட். டாப் கட்டளையில் பிராசசர் 2 சதவீதம்கூட ஓடவில்லை. அப்போ யார் குடிக்கிறா? தனி கிராபிக்ஸ் சிப். திரையை ஓட்டுவது பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ்தான். தனிச் சிப் வேலையில்லாமல் விழித்துக் கிடந்தது. டாப் அதைக் காட்டாது. சிஸ் கோப்புறையில் அந்தச் சிப்புக்குரிய 'பவர்' பகுதியில், 'ரன்டைம் ஸ்டேட்டஸ்' கோப்பு 'ஆக்டிவ்' என்றது. 'கண்ட்ரோல்' கோப்பு 'ஆன்' என்றது. 'ஆன்' என்றால் தூங்க அனுமதியில்லை. அதை 'ஆட்டோ' ஆக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதே சிப்பில் ஒட்டியிருக்கும் ஹெச்டிஎம்ஐ ஒலிக்கருவியையும் 'ஆட்டோ' ஆக்கிய பிறகுதான் 'சஸ்பெண்டட்' வந்தது. 9 வாட். இரண்டு மணி நேரம் தாங்கிய 45 வாட்-மணி பேட்டரி இப்போது ஐந்து மணி நேரம் வருது.

(சிப் தூங்குதான்னு எல்எஸ்பிசிஐ கட்டளையை வைத்துப் பார்க்காதீங்க. அதுவே எழுப்பிவிடும்.)

ரீபூட் செய்தால் இரண்டும் பழையபடி 'ஆன்' ஆகிவிடும். அதனால் இரண்டு கருவிகளுக்கும் யூடெவ் விதி எழுதி வைத்திருக்கிறேன். கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் பவர்டாப்பை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.