ஈஸ்ட் இல்லாமல் கருப்பட்டி ரொட்டி

ரொட்டி சுட ஈஸ்ட்டும் வேண்டாம், ஓவனும் வேண்டாம். அயர்லாந்து நாட்டில் ஆப்பச்சோடாவும் மோரும் சேர்த்தே ரொட்டி சுடுவார்கள். அதில் கருப்பு பீரும் கரும்புப்பாகும் ஊற்றுவது உண்டு. நமக்குப் புளித்த மோரும் கருப்பட்டியும் போதும்.

தேவையானவை: கோதுமை மாவு 250 கிராம், கருப்பட்டி 100 கிராம், கெட்டியான புளித்த மோர் 150 மில்லி, எண்ணெய் 2 டீஸ்பூன், ஆப்பச்சோடா முக்கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன்.

செய்முறை: கருப்பட்டியை 50 மில்லி சுடுதண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஆறவிடுங்க. அடிகனமான சட்டியில் மணல் பரப்பி, மூடி, 10 நிமிடம் காயவிடுங்க. பிறகு மாவு, சோடா, உப்பைச் சலித்து, கருப்பட்டிக் கரைசல், மோர், எண்ணெய் ஊற்றிக் கிளறுங்க. எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, மணல் மேல் வைத்து மூடி, சிறு தீயில் 45 நிமிடம் வேகவிடுங்க. ஈர்க்குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக்கூடாது.

முக்கியமான விஷயம்: இட்லி மாவு ராத்திரி முழுக்க நின்று பொங்கும். இந்த மாவு நிற்காது. மோரின் புளிப்பு சோடாவில் பட்டதுமே காற்று கிளம்பிடும். உடனே அடுப்பில் ஏத்தலைன்னா ரொட்டி கல்லாயிடும். சோடா கூடினால் சோப்பு வாடை வரும்.

ஆனையூர்க் கடைகளுக்குப் போட நினைப்பவர்கள் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யணும். ஓவன் வாங்கக் குழுவில் கடன் கேட்கும் முன், ஒரு மாதம் சட்டியிலேயே சுட்டு விற்றுப் பாருங்க. விறகு, மாவு, உங்க கூலி எல்லாத்தையும் நோட்டில் எழுதுங்க. கையில் லாபம் நின்றால் கடன் கேளுங்க!