சென்னை–மதுரை வான்வழி: அட்டவணை நேரமும் பயணியின் உரிமையும்

சென்னைக்கும் மதுரைக்கும் இடையே சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். வான்வழியில் அது 420 கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பயணச்சீட்டில் காணப்படும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. சக்கரத் தடைக்கட்டைகள் அகற்றப்பட்டு விமானம் நகரத் தொடங்குவது முதல், சேருமிடத்தில் மீண்டும் நிறுத்தப்படுவது வரையிலான காலமே அது. விமானத் துறையில் இதற்கு 'பிளாக் நேரம்' என்று பெயர். மயிலாப்பூரிலோ அடையாறிலோ வீட்டை விட்டுக் கிளம்புபவருக்கும், மாம்பலத்தில் மின்தொடர் வண்டி ஏறித் திரிசூலத்தில் இறங்குபவருக்கும், விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் பயணம் நான்கு மணி நேரத்தைத் தொட்டுவிடும்.

இந்த பிளாக் நேரத்துக்குச் சட்ட மதிப்பும் உண்டு. சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதிகளின்படி, உரிய முன்னறிவிப்பின்றி விமானம் ரத்து செய்யப்பட்டால், பிளாக் நேரம் ஒரு மணி வரையுள்ள பயணத்துக்கு 5,000 ரூபாயும், இரண்டு மணி வரையுள்ளதற்கு 7,500 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 10,000 ரூபாயும் இழப்பீட்டின் உச்ச வரம்பாகும். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அதுவே இழப்பீடாகக் கிடைக்கும். ஆகவே அட்டவணையில் இருப்பது 60 நிமிடங்களா 65 நிமிடங்களா என்பதே வரம்பை மாற்றிவிடும். புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் தந்து, மாற்று விமானத்தையோ முழுப் பணத்தையோ தர முன்வந்தால் இழப்பீடு இல்லை. முன்பதிவு செய்யும் முகவர் பயணியின் எண்ணுக்குப் பதிலாகத் தம் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்துவிட்டால், தொடர்பு விவரம் போதுமானதாக இல்லை என்ற காரணத்தால் இழப்பீட்டு உரிமையே பறிபோகக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தாமதத்துக்கான விதிகள் குறுந்தொலைவுப் பயணிக்குப் போதிய பாதுகாப்பைத் தருவனவாக இல்லை. பிளாக் நேரம் இரண்டரை மணி வரையுள்ள விமானம் இரண்டு மணி நேரம் தாமதித்தால் உணவும் சிற்றுண்டியும் தரவேண்டும். ஆனால் மாற்று விமானமோ பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்போ ஆறு மணி நேரத்தைத் தாண்டிய தாமதத்துக்கே உரியது. எழும்பூரில் புறப்படும் வந்தே பாரத் ரயில் அந்த ஆறு மணி நேரத்துக்குள் மதுரையை அடைந்துவிடுகிறது. ஒன்றேகால் மணிப் பயணத்துக்கும் நீண்ட பயணங்களுக்கும் ஒரே அளவுகோலை வைத்திருப்பது நியாயமன்று. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்படவேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால், தங்குமிடமும் அளிக்கப்படவேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான ஓடுதளம் நீரில் மூழ்கி மூடப்பட்டதைப் போன்ற அசாதாரணச் சூழலில் இழப்பீடு கோர இயலாது. எனினும், ரத்தான பயணத்துக்குச் செலுத்திய பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை நீடிக்கிறது.

குறை ஏற்பட்டால் முதலில் விமான நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடமும், பின்னர் அரசின் ஏர்சேவா தளத்திலோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலோ முறையிடலாம். அவற்றாலும் தீராதபோது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குக்குக் கட்டணமில்லை. பயணச்சீட்டு, ரத்து அல்லது தாமதம் குறித்து வந்த குறுஞ்செய்தி, அது வந்த நேரம், காத்திருந்தபோது செலவழித்ததற்கான ரசீதுகள் ஆகியவற்றைக் குறை தீரும்வரை அழிக்காமல் வைத்திருக்கவேண்டும்.