விதை வாங்கப் போன விவசாயி

கடையில் ஒரு பொருள் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றை வாங்கிக்கொள்கிறோம். அந்த வேறொன்று கடைக்கே வரவில்லை என்றால்? மரபணு மாற்றாத விதையைத் தேடும் அமெரிக்க மக்காச்சோள விவசாயிகளுக்கு ஏற்பட்டிருக்கும் சிக்கல் இதுதான்.

மரபணு மாற்றிய மக்காச்சோளம் அங்கு 1996இல் விற்பனைக்கு வந்தது. தண்டைத் துளைக்கும் புழுவைக் கொல்வது ஒரு வகை. களைக்கொல்லி தெளித்தாலும் கருகாதது இன்னொரு வகை. 2000ஆம் ஆண்டில் மக்காச்சோள நிலத்தில் 25 விழுக்காட்டில் இவை பயிராயின. 2023இல் அது 93 விழுக்காடு.

விவசாயிகள் விரும்பித்தானே வாங்கினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பலருக்குப் புழுத்தொல்லையும் களையெடுக்கும் வேலையும் குறைந்தன. ஆனால், வேண்டாம் என்பவருக்கு வழி குறுகிவிட்டது.

காரணம் என்ன? அங்கு பயிராவது பெரும்பாலும் வீரிய ஒட்டுவிதை. அறுவடையில் எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் விளைச்சல் குறையும். எனவே ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்க வேண்டும். 2018 முதல் 2020 வரை அங்கு விற்ற மக்காச்சோள விதையில் பாதிக்கு மேல் பேயர், கோர்டேவா ஆகிய இரு நிறுவனங்களுடையது. நல்ல புதிய இரகம் உருவானால், அதிகம் பேர் கேட்கும் மரபணு மாற்றிய வடிவத்துக்கே முதலிடம். மாற்றாத வடிவத்தைத் தனியே பெருக்கி, தனியே சேமிக்கச் செலவாகும்; வாங்குவோரோ குறைவு. விற்பனை குறைவதால் இரகம் குறைகிறது. இரகம் குறைவதால் விற்பனை மேலும் குறைகிறது.

இதனால் பாதிக்கப்படுபவர் யார்? இயற்கை விவசாயிக்கு மரபணு மாற்றிய விதை விதிப்படியே தடை. ஜப்பானிய உணவு நிறுவனங்களுக்காக மரபணு மாற்றாத சோளம் பயிரிடுவோரும் இருக்கின்றனர். விதை கிடைத்தாலும் கவலை தீராது. மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் பறப்பது. பக்கத்து வயலிலிருந்து வந்து கலந்துவிடும்.

மற்ற விவசாயிகளுக்கும் இதில் பாடம் உண்டு. வேர்ப்புழுவைக் கொல்லும் மரபணு கொண்ட சோளத்தையே தின்று தாக்குப்பிடிக்கும் புழுக்கள் அயோவா மாநில வயல்களில் இருப்பதை 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பலன் குறைந்த பிறகு மாற்று விதை தேடினால் அது கையில் இருக்க வேண்டுமே!

ஒரு நல்ல இரகத்தை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே, பல்கலைக்கழகங்களும் அரசும் பொதுப் பணத்தில் இரகங்களை வளர்த்துவர வேண்டும். மரபணு மாற்றிய விதை நல்லதா, கெட்டதா என்ற விவாதம் நடக்கட்டும். எதை விதைப்பது என்று முடிவு செய்யும் உரிமை விவசாயியிடம் இருக்க வேண்டும். விதையே கிடைக்காதபோது அந்த உரிமையால் என்ன பயன்?