தண்ணீர் ஊற்றாதீர்கள், ப்ளீஸ்!

சூலக்கரைக்கும் ஆர்க்கிட் செடிக்கும் என்ன சம்பந்தம்? சத்தியமாக ஒரு சம்பந்தமும் இல்லை. பிரச்னையே அதுதான்!

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில் இருக்கிறது சூலக்கரை. தொழிற்பேட்டை, பக்கத்திலேயே கலெக்டர் ஆபீஸ், சுற்றிலும் கண் கூசும் வெயில். இங்கே ஓர் ஆபீஸ் மேஜை மேல் ஆர்க்கிட் தொட்டி ஒன்று வந்து உட்காருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புரமோஷனுக்கு நண்பர்கள் வாங்கித் தந்ததாக இருக்கலாம். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு 'அவர்கள்' கொடுத்ததாகவும் இருக்கலாம். (இரண்டாவது கேஸ் என்றால் ஆபத்து ஜாஸ்தி. 'நான் கொடுத்த செடி எப்படி இருக்கு?' என்ற கேள்வி வாராவாரம் வரும்!)

ஒன்றிரண்டு மாசம் பூ ஜம்மென்று நிற்கும். பிறகு உதிரும். இலை துவளும், சுருங்கும். 'ஐயோ பாவம், தாகம்' என்று ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவோம். மறுநாள் இன்னும் சுருங்கும். இன்னொரு டம்ளர். பக்கத்து ஸீட் நண்பர் தன் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தன் பங்குக்குக் கவிழ்ப்பார். மாசக் கடைசியில் செடி குப்பைக்கூடையில். 'வெயில் தாங்காம செத்துப் போச்சு ஸார்' என்று கேஸை மூடிவிடுவார்கள்.

போஸ்ட்மார்ட்டம் செய்து பார்த்தால் விஷயம் வேறு. பெரும்பாலான வீட்டு ஆர்க்கிட்கள் வெயிலில் சாவதில்லை. தண்ணீரில் மூழ்கித்தான் சாகின்றன!

வாடகை தராத குடித்தனக்காரர்

கடைகளில் பரிசுக்கென்று விற்கப்படும் ஆர்க்கிட்களில் பிரபலமானது பெலனாப்சிஸ். அகலமான இலை, வளைந்த தண்டில் வரிசையாகப் பூ. பூ அந்துப்பூச்சி மாதிரி இருக்கிறது என்று கிரேக்க வார்த்தைகளைச் சேர்த்து 1825-ல் இந்தப் பெயரை வைத்தவர் ப்ளூம் என்கிற தாவரவியல் நிபுணர்.

இதன் உறவினர்கள் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் பெரும்பாலும் மரக்கிளைகளில்தான் வசிக்கிறார்கள். ஒட்டுண்ணி என்று நினைத்துவிடாதீர்கள். மரத்திடமிருந்து ஒரு சொட்டுச் சாறுகூட உறிஞ்சுவதில்லை. வாடகை தராத குடித்தனக்காரர், அவ்வளவுதான்.

வேர்கள் காற்றில் தொங்கும். அவற்றின் மேல் பஞ்சு மாதிரி ஓர் உறை உண்டு. வெலமன் என்று பெயர். மழை பெய்தால் இந்தப் பஞ்சு சட்டென்று தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மழை நின்றதும் காற்று வந்து துவட்டிவிடும். நனைவது, காய்வது, மறுபடி நனைவது... இதுதான் அந்த வேரின் பிழைப்பு.

அந்த வேரை ஓட்டையில்லாத பீங்கான் ஜாடிக்குள் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால்? காற்று கிடைக்காமல் வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீர் குடிக்காது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் இலை தாகத்தில் சுருங்கும். தாகத்துக்கும் மூழ்கலுக்கும் இலையில் தெரியும் அறிகுறி ஒன்றேதான். நாம் ஏமாறுவது இங்கேதான்.

துரைமார்களும் தப்பவில்லை

ஏமாந்தது நாம் மட்டுமல்ல. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணக்காரர்களுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடித்தது. கப்பல் கப்பலாகச் செடிகள் போய் இறங்கின. வெப்ப நாட்டுச் செடியாச்சே என்று கண்ணாடி வீட்டை இறுக மூடி, உள்ளே அடுப்பு எரித்து, ஆவியில் வேக வைத்தார்கள். இட்லிப் பானை கணக்காக! ஆயிரக்கணக்கில் செத்தன.

அந்தக் கதையை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜோசப் பாக்ஸ்டன். டெவன்ஷைர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் தோட்டத்தைக் கவனித்தவர். (பின்னால் 1851-ல் லண்டன் கண்காட்சிக்குக் கண்ணாடி மாளிகை கட்டிப் புகழ் பெற்றவரும் இவரேதான்.) 1830-களில் அவர் செய்தது எளிமையான காரியம். காற்று நன்றாக உள்ளே வர வழி விட்டார். சூட்டைக் குறைத்தார். செடியைக் குளிப்பாட்டிக்கொண்டே இருப்பதற்குப் பதிலாகத் தரையையும் நடைபாதையையும் நனைத்து வைத்தார். செடிகள் பிழைத்தன!

ஈரம் காற்றில் இருக்கவேண்டும், வேரில் தேங்கக்கூடாது. மொத்த ரகசியமும் இந்த ஒரு வரிதான்.

சிவகாசிக்குப் பிடித்தது இதற்குப் பிடிக்காது

நம்ம ஊர் காற்று எப்படி? அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து 1923-ல் சிவகாசியில் ஆரம்பித்தார்கள். பிறகு பட்டாசு வந்தது. மழை குறைந்த, வறண்ட பூமி இந்தத் தொழில்களுக்குக் கை கொடுத்தது. மருந்து தடவிய குச்சியும் பட்டாசும் சீக்கிரம் காய வேண்டுமே!

குச்சிக்கு வரமாக இருக்கும் அதே காற்று, ஆர்க்கிட்டுக்குச் சாபம். காய்ந்த காற்று, போதாததற்கு ஏ.ஸி., அடியில் தேங்கிய தண்ணீர். அது கேட்டதற்கு நேர்மாறாக நாம் கொடுக்கிறோம்.

சரி செய்யச் செலவு ஒன்றும் இல்லை. ஓர் அகலத் தட்டில் கூழாங்கற்களைப் பரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டியைக் கல்லின் மேல் வையுங்கள். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. பக்கத்தில் நாலு செடிகளைக் கூட்டமாக வைத்தாலும், தண்ணீர் நிரம்பிய மண்பானை ஒன்றை வைத்தாலும் நல்லது. சாயந்திரம் இதைக் கவனிப்பது முக்கியம். ஏனென்றால், பெலனாப்சிஸ் பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, பெரும்பாலும் ராத்திரியில்தான் திறக்கிற ஜாதி. ஏ.ஸி. காற்று நேராக முகத்தில் அடிக்கிற இடம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆபரேஷன் தியேட்டர்

இப்போது நோயாளியைக் கவனிப்போம். பயப்படாமல் செடியைத் தொட்டியிலிருந்து உருவுங்கள். பழைய மட்டை, பாசி எல்லாவற்றையும் உதறிவிட்டு வேர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, வெள்ளையாக அல்லது பச்சையாக இருந்தால் உயிருள்ள வேர். பழுப்பாகக் கொழகொழவென்று நசுங்கி, உறை கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால், போனது போனதுதான்.

புது பிளேடு ஒன்றை எடுத்துச் சிவகாசித் தீக்குச்சி கிழித்துச் சுட்டு, ஆற விட்டு, அழுகியதை எல்லாம் வெட்டுங்கள். தண்டில் பூவோ மொட்டோ மிச்சம் இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால், ஐ.ஸி.யு.வில் இருப்பவரைக் கச்சேரி செய்யச் சொல்லலாமா? வெட்டுக்காயம் காய ஒருநாள் நிழலில் வையுங்கள்.

புதுத் தொட்டி மண்தொட்டியாக இருக்கட்டும். அடியிலும் பக்கத்திலும் ஓட்டைகள் வேண்டும். உள்ளே மண் கூடவே கூடாது. அடுப்புக்கரித் துண்டு, ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு. இவ்வளவுதான். மட்டையை இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்து, அதிலிருக்கும் உப்பைப் போக்கிவிட்டுப் போடவும்.

நல்ல வேர் ஒன்றுகூட மிஞ்சவில்லையா? கடைசி முயற்சி ஒன்று உண்டு. பெட்டிக்கடை மிட்டாய் ஜாடி இருக்கிறதே, அதில் அடியில் கொஞ்சம் ஈரமான பாசியோ தேங்காய் நாரோ போட்டு, அதற்கு மேலே செடியை நிறுத்துங்கள். மூடியை லேசாகத் திறந்து வையுங்கள். உள்ளே காற்று ஈரமாக இருப்பதால் இலை மேலும் வற்றாது. வெளிச்சம் வேண்டும், வெயில் படக்கூடாது. பட்டால் அவியல்தான். புது வேர் எட்டிப் பார்க்க வாரங்கள் ஆகலாம், மாசங்களும் ஆகலாம். அதுவரை உரம் என்ற பேச்சே வேண்டாம்.

வாரத்துக்கு எத்தனை தடவை?

எல்லோரும் கேட்கும் கேள்வி. பதில், காலண்டரில் இல்லை, வேரில் இருக்கிறது! வேர் பச்சையாகத் தெரிந்தால் ஈரம் இருக்கிறது, சும்மா இருங்கள். வெள்ளி நிறமாக வெளுத்து, தொட்டியும் தூக்கினால் இலேசாக இருந்தால் ஊற்றுங்கள். காலையில், தாராளமாக, அடியில் ஒழுகி வடியும்படி. நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

சித்திரை வெயிலில் அடிக்கடி தேவைப்படும். ஐப்பசி மழையில் நாள் கணக்கில் தேவைப்படாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேர் நுனி கருகும். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் இரண்டு குடம் மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் ஒரு தொட்டிக்கு ரொம்ப நாள் வரும். கொசு வராமல் மூடி வையுங்கள். கிழக்கு ஜன்னல் உத்தமம். உச்சி வெயில் விரோதி.

கைவிட வேண்டிய கேஸ்

நடுக்குருத்தே அழுகி, இலை எல்லாம் அடியோடு கழன்று வந்தால், மேலே போராடாதீர்கள். உங்கள் தப்பு என்று வருத்தப்படவும் வேண்டாம். கடையில் இருந்தபோதே வேர் போயிருக்கலாம். அடியில் இருக்கும் ஓர் இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால், அது முதுமை. அதற்காகப் பதற வேண்டாம்.

அடுத்த தடவை நம்ம வெக்கைக்குக் கொஞ்சம் ஒத்துப்போகும் டெண்ட்ரோபியம், வாண்டா வகைகளைப் பாருங்கள். சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் சித்தப்பாவைக் கேட்டால் சொல்வார். 1981-ல் அந்த நாடு தேசிய மலராக எடுத்துக்கொண்டதே வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற ஆர்க்கிட்தான். வாண்டா டெஸ்ஸலேட்டா என்ற வகை நம் நாட்டுச் சமவெளி மரங்களிலேயே வளர்கிறது. அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பக்கம் போய் மரத்திலிருந்து பிய்த்து வரக் கிளம்பாதீர்கள். அது 2021 முதல் புலிகள் காப்பகம். புலி விட்டாலும் வனத்துறை விடாது! நர்ஸரியில் வளர்த்த செடியை வாங்குங்கள். பார்த்து ரசிக்க ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிட் தோட்டமே இருக்கிறது.

பிழைத்த செடி உடனே பூக்காது. ஒரு வருஷம் போகலாம், அதற்கு மேலும் ஆகலாம். பெலனாப்சிஸ் பூத்தண்டு விடச் சூடு குறைய வேண்டும். 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இலை மட்டும் விட்டுக்கொண்டு சும்மா இருக்கும். நம்ம ஊரில் அதற்கு மார்கழியும் தையும்தான் சான்ஸ். அதற்கு முன்னால் ஒருநாள், கரித் துண்டுகளுக்கு நடுவே பச்சை நுனியோடு புது வேர் ஒன்று எட்டிப் பார்க்கும். செடி பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

அதுவரை ஒரு வேலை பாக்கி. பக்கத்து ஸீட் நண்பரிடம் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்: 'மிச்சத் தண்ணியை நீங்களே குடிச்சிடுங்க பிரதர்!'