மீன் தொட்டிக்கு எந்தச் செடி நல்லது?

வீட்டில் கண்ணாடித் தொட்டியும் நாலு மீனும் இருந்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். அந்தத் தொட்டியில் பிளாஸ்டிக் செடி வைப்பவர்கள் உண்டு. அது பார்க்க மட்டும்தான் அழகு. உயிருள்ள செடியோ வேலையும் செய்யும்.

மீனின் கழிவை அது உரமாக உறிஞ்சிக்கொள்ளும். வெளிச்சம் பட்டால் தண்ணீரில் பிராணவாயுவை விடும். பெரிய மீனுக்குப் பயந்த குஞ்சுகளுக்கு ஒளிய இடம் தரும்.

வாய்க்கால் தரும் செடிகள்

இதற்காக வெளிநாட்டுச் செடியைத் தேடி அலைய வேண்டாம். தாமிரபரணி பாயும் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் நல்ல செடிகள் உண்டு.

முதலாவது, வேலம்பாசி. இதற்கு மண்கூட வேண்டாம். ஒரு துண்டைப் போட்டாலே வளரும்.

இரண்டாவது, நீர்ப்பிரமி. வயல் வரப்பின் ஈரத்தில் படரும் மூலிகை இது. தொட்டியின் அடியில் மணல் பரப்பி ஊன்றினால் போதும்.

எந்தச் செடியானாலும் நன்றாக அலசுங்கள். ஒரு வாரம் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். நத்தை முட்டையோ தும்பிப் புழுவோ ஒட்டியிருக்கலாம். தும்பிப் புழு மீன் குஞ்சைத் தின்றுவிடும்!

தொட்டியை ஜன்னல் ஓரமாக வையுங்கள். உச்சி வெயில் நேராக விழக்கூடாது. விழுந்தால் கண்ணாடியில் பாசி படியும்.

அழகு கொண்டுவந்த ஆபத்து

ஒரு செடியை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். அதுதான் அமலைச்செடி. ஆகாயத்தாமரை என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவில் பிறந்தது. அதன் ஊதாப் பூவின் அழகுக்காக 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று தாமிரபரணியையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. சூழ்நிலை வாய்த்தால் இரண்டே வாரத்தில் இருமடங்காகிவிடும். தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேராமல் விவசாயி தவிக்கிறார்.

வேடிக்கையைக் கேளுங்கள். நம் ஊரில் சாதுவாக வளரும் வேலம்பாசி, அமெரிக்காவுக்குப் போய் இதே கொடுமையைச் செய்தது! 1950-களின் தொடக்கத்தில், மீன் தொட்டிக்காக இலங்கையிலிருந்து புளோரிடாவுக்கு அதைக் கொண்டுபோனார்கள். தொட்டியிலிருந்து அது கால்வாய்க்குத் தப்பியது. பிறகு ஏரிகளையும் ஆறுகளையும் மூடியது. அதை ஒழிக்க அங்கே ஏராளமாகப் பணம் செலவழித்தார்கள்.

குற்றம் செடியின் மேல் இல்லை. இடம் மாற்றிய மனிதன் மேல்தான்.

வீசாதீர்கள்!

தொட்டியில் செடி மண்டினால் வெட்டத்தான் வேண்டும். வெட்டியதை வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். தொட்டித் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றுங்கள். கடையில் வாங்கிய செடியையோ மீனையோ வாய்க்காலில் விடவே கூடாது.

நதியுண்ணிக் கால்வாயும் கன்னடியன் கால்வாயும் நம் வயல்களின் உயிர். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது தாமிரபரணித் தண்ணீர். நாம் வீசும் ஒரு கைப்பிடிச் செடி, அத்தனை பேரின் தண்ணீருக்கும் தடையாகிவிடலாம்.