பழைய கார்: விலைக்கு அப்பால் ஒரு கணக்கு

பெங்களூருவில் பழைய கார் வாங்கக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்களுள் பெரும்பாலோர் இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு வருகின்றனர். ஒன்று காரின் விலை. மற்றொன்று தம்மால் கட்ட இயலும் மாதத் தவணை. முதல் ஓராண்டில் பழுதுபார்க்க ஆகும் செலவு என்னும் மூன்றாவது எண்ணை எழுதி வருவோர் அரிது. மூன்று லட்சம் ரூபாய்க் கடனை 12 விழுக்காடு வட்டியில் நான்கு ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.7,900. கையிருப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டவருக்கு, மூன்றாம் மாதத்தில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு பழுது வந்தால் தவணையைக் கட்டுவதா, காரைப் பணிமனையிலிருந்து எடுப்பதா என்ற நிலை ஏற்படும். தவணை தவறினால் அவரது கடன் மதிப்பெண்ணும் குறையும்.

இந்நகரத்தில் முதலில் தேய்வது கிளட்ச். சில்க் போர்டு சந்திப்பையும் வெளிவட்டச் சாலையையும் நாள்தோறும் கடக்கும் கார், பத்து கிலோமீட்டர் செல்வதற்குள் நூறு முறை நின்று நகர்கிறது. ஆகவே ஓடிய தூரம் குறைவு என்று விற்பவர் பெருமையாகச் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரின் கிளட்ச், நகருக்குள் நாற்பதாயிரம் ஓடியதைவிட நன்றாக இருக்கக்கூடும். மேட்டுச் சாலையில் மூன்றாம் கியரில் வைத்து முடுக்கிப் பாருங்கள். எஞ்சினின் இரைச்சல் உயர்ந்தும் வேகம் கூடவில்லையெனில் கிளட்ச் நழுவுகிறது. சிறிய பெட்ரோல் காரில் இதை மாற்றக் கூலியுடன் எட்டாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் ரூபாய் வரை ஆகலாம்; டீசல் காரில் செலவு கூடும். 2014இல் மாருதி செலிரியோவுடன் நம் நாட்டில் பரவலான ஏ.எம்.டி. வகைக் கார்களில் கிளட்ச் மிதி இல்லை. ஆனால் கிளட்ச் உண்டு. அதனை இயக்கும் கருவி பழுதடைந்தால் செலவு மேற்சொன்ன தொகையைப் பன்மடங்கு தாண்டக்கூடும்.

அடுத்தது சஸ்பென்ஷன். நம் சாலைகளின் குழிகளையும் வேகத்தடைகளையும் பற்றி வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேகத்தடையில் மெல்ல ஏறி இறங்கும்போது கடகடவென ஓசை எழுந்தால் புஷ் அல்லது லிங்க் ராட் தேய்ந்திருக்கலாம். இவை சில ஆயிரங்களில் முடியும் வேலை. ஸ்டியரிங் ரேக்கில் ஆட்டம் இருந்தால் பத்தாயிரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும். டயர் நான்கையும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் அத்தொகையை விலையிலேயே குறைத்துக் கேட்பது நியாயம்.

டைமிங் பெல்ட்டைப் பற்றி விற்பவர்கள் தாமாகப் பேசுவதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் தயாரான பழைய சான்ட்ரோவில் இருப்பது பெல்ட். மாருதியின் கே வரிசை எஞ்சின்களில் இருப்பது சங்கிலி. பெல்ட் ரப்பரால் ஆனது. கார் ஓடாமல் நின்றாலும் அதற்கு வயதாகும். ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். சில ஆயிரம் ரூபாயில் முடியவேண்டியது எஞ்சினையே பிரிக்கும் வேலையாகிவிடும். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையெனில், மாற்றவில்லை என்றே கொள்வது நல்லது.

இவை அனைத்தையும்விட நான் அஞ்சுவது வெள்ளத்தில் நின்ற காரைத்தான். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யமலூர், சர்ஜாபுரா சாலைப் பகுதிகளில் அடித்தள நிறுத்தங்களிலேயே எண்ணற்ற கார்கள் மூழ்கின. அத்தகைய கார்கள் துடைத்து மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு வருவதுண்டு. நீர் புகுந்த எஞ்சினை இயக்கினால், நீர் அமுங்காது என்பதால், பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். மின்கம்பிகளிலும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் துரு ஏறினால் பழுது மாதக்கணக்கில் தொடரும். இருக்கைப் பட்டையை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அதன் உள்முனையில் தங்கியிருக்கும். இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தையும் தரைவிரிப்பின் அடியையும் நோக்குங்கள்.

வங்கியில் பணிபுரிவோர் கண்ணுக்கு இன்னொரு தடயமும் தெரியும். உரிமைகோராத ஆண்டுகளுக்குக் காப்பீட்டில் வழங்கப்படும் தள்ளுபடி, முதலாண்டில் 20 விழுக்காடாகத் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காட்டை எட்டும். ஒரே உரிமையாளரிடம் ஐந்தாறு ஆண்டுகள் இருந்த காரின் காப்பீட்டுப் பத்திரத்தில் தள்ளுபடி சுழியம் என்றிருந்தால், என்ன நேர்ந்தது என்று கேட்க வேண்டும். அந்தத் தள்ளுபடி உரிமையாளருக்கு உரியது. காருடன் வாங்குபவருக்கு வந்து சேராது.

உதிரிபாகம் எளிதில் கிடைப்பதும் செலவைத் தீர்மானிக்கும். மாருதி 800இன் உற்பத்தி 2014இல் நின்றும், ஜே.சி. சாலைக் கடைகளில் அதன் பாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. சாலையில் குறைவாகத் தென்படும் மாடல் மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவுக்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். பணிமனைக்குப் பணிமனை கூலி வேறுபடும் என்பதால், வாங்குமுன் நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்தேனும் காரைக் காட்டி, செலவுப் பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காரின் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது சேமிப்புக் கணக்கில் தொடாமல் வைத்திருக்குமாறு கடன் கேட்டு வருவோரிடம் நான் வலியுறுத்துவது வழக்கம்.

ஓசூரில் விலை குறைவென்று தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட காரை வாங்குவோர், அதனைக் கர்நாடகத்தில் நிலையாக வைத்திருக்க இங்கு ஆயுள்கால வரி செலுத்த வேண்டும் என்பதையும், அங்குள்ள ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்று பெற வேண்டும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுக. முந்தைய உரிமையாளரின் கடன் முடிந்திருந்தாலும், பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருப்பது மிகச் சாதாரணம். வாகன் தளத்தில் பதிவெண்ணை இட்டுப் பார்த்து, படிவம் 35உம் வங்கியின் கடிதமும் கைக்கு வந்த பின்னரே மீதித் தொகையைக் கொடுங்கள்.

விற்பவருக்கும் இதில் அக்கறை உண்டு. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளர் என உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன்குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் கார் பலமுறை கைமாறியிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. ஆகவே படிவம் 29, 30 ஆகியவற்றில் கையொப்பமிட்டுக் கொடுத்ததோடு நில்லாமல், பெயர் மாறிய பதிவுச் சான்றின் நகலை விற்பவர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கியவர், பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிப்பதோடு, 14 நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிப் பத்திரத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.