அரிவாள் செல் சோகை: நிக்காஹ் பேசும் முன் ஓர் இரத்தப் பரிசோதனை



நம் இரத்தச் சிவப்பணுக்கள் வட்டமானவை. வளைந்து கொடுத்துச் சிறு குழாய்களிலும் ஓடுபவை. அரிவாள் செல் நோயில் அவை அரிவாள்போல் வளைந்து விறைத்துக் குழாய்களை அடைக்கின்றன. எலும்புகளில் தாங்க முடியாத வலி வரும். சுமார் 120 நாள் வாழவேண்டிய அணுக்கள் 10 முதல் 20 நாளில் அழிவதால் சோகையும் அசதியும் நீங்குவதில்லை. வெளியே நோய் தெரியாததால், அடிக்கடி பள்ளிக்கு வராத பிள்ளையையும் வேலைக்குப் போகமுடியாத வாலிபரையும் நாம் ‘சோம்பேறி’ என்றுவிடுகிறோம். வலியோடு அந்தச் சொல்லையும் அவர்கள் சுமக்கிறார்கள்.

இந்தியாவில் 1952-இல் இது நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. இது தொற்றுநோயல்ல, பரம்பரையாக வருவது. இதைப் போன்றதே தலசீமியாவும். நோய் அறிகுறியே இல்லாமல் தாய், தந்தை இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 சதவீதம் வாய்ப்புண்டு. சொந்தத்திற்குள் சம்பந்தம் செய்யும்போது இருவரிடமும் ஒரே குறை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

எனவே நிக்காஹ் பேசும் முன்பே, ஹீமோகுளோபின் வகையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். யாரையும் ஒதுக்குவதற்காக அல்ல, தெரிந்து முடிவெடுக்கவே இது.

நோயுள்ள பிள்ளைக்குத் தண்ணீர் நிறையக் கொடுங்கள். காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மருத்துவர் தரும் ஹைட்ராக்சியூரியா மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். உடல்நலமுள்ளோர் இரத்ததானம் செய்யுங்கள்.

அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபா அளிப்பானாக, ஆமீன்.